பிரியாணி இல்லாத செருப்புக் குவியல்

ஷார்ஜாவின் பழைய கடைத்தெருவில் ஒரு முத்து வியாபாரியின் வீட்டைப் புதுப்பித்து, ஊர் மக்களோடு பழகுவதற்கென்று பல்கலைக்கழகம் ஒன்று ஒரு மையம் திறந்தது. ஊர் மக்கள்தான் வரவில்லை. ஏசி இருக்கிறதே என்று நானும் மனைவியும் ஒரு சொற்பொழிவுக்குப் போனோம். அந்தப் பழைய மரக்கதவைப் பார்த்ததும் கால் தானாகச் செருப்பைக் கழற்றியது. பின்னால் வந்தவர்களும் எங்களைப் பார்த்துக் கழற்றினார்கள்.

“இவ்வளவு செருப்பு கிடக்குன்னா உள்ள பிரியாணிதான் பாய்” என்று தெருவில் போன ஒருவர் சொல்ல, கூடம் நிரம்பி வழிந்தது. பேச வந்த பேராசிரியருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. பிரியாணிதான், அரபிக்காரர்கள் சொல்வதுபோல், மாஃபி; இல்லவே இல்லை. போதாததற்கு, திரும்பும்போது என் புதுச் செருப்பையும் காணோம்.

கடுப்பில் அடுத்த கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போனேன். உள்ளே ஈ காக்கை இல்லை. வாசலில் மையத்துக்காரர் ஒருவர் மூட்டையிலிருந்து செருப்புகளைக் கொட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். உச்சியில் என்னுடையது.