பொத்தான் விழாத தட்டு

அந்தப் பிளாஸ்டிக் தட்டில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். கோழி ரத்தத்திலிருந்து தெளிந்த நீரை எடுத்து, வெள்ளைக்கழிச்சல் கிருமியோடு கலந்து, மேலே ரத்த அணுக்களைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். கோழிக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் அணுக்கள் குழியின் அடியில் சிவப்புப் பொத்தானாக விழும். இல்லாவிட்டால் படர்ந்து கிடக்கும். தொண்ணூறுகளில் பல்லடத்தில் ஒரு சிறிய கோழிநோய் ஆய்வகத்தில் எனக்கு அதுதான் வேலை. ஆய்வகத்தை நடத்தியவர் கால்நடை மருத்துவர். எல்லோருக்கும் டாக்டரம்மா.

ஒரு கோடைத் தொடக்கத்தில், தடுப்பூசி போட்ட கோழிகளின் ரத்தம் என்று ஒரு பண்ணைக்கார அக்கா கொண்டுவந்தார். தட்டில் ஒரு பொத்தான்கூட விழவில்லை. மறுபடி செய்தேன், அதேதான். டாக்டரம்மா மற்ற பண்ணைகளிலும் ரத்தம் எடுத்துவரச் சொன்னார். அதே தொகுதி எண் (பேட்ச்) போட்ட தடுப்பு மருந்தை வாங்கிய எல்லோருடைய தட்டும் சிவப்பாய்ப் படர்ந்திருந்தது. அந்த மருந்தை விற்ற ஏஜென்ட்தான் எங்கள் கட்டட உரிமையாளர். கீழே அவர் கடை, மேலே நாங்கள்.

அவர் மேலே வந்து, பதமாகத்தான் பேசினார். மருந்து கெடாமலிருக்க வைத்த ஐஸைப் பண்ணைக்காரர்கள் வழியில் உருகவிட்டிருப்பார்கள், அப்படியே எழுதிவிடுங்கள் என்றார். அதே கடையில் வேறு தொகுதி வாங்கி, அதே போல ஐஸ் வைத்துக் கொண்டுபோனவர்களின் கோழிகளுக்கு மட்டும் எப்படிச் சக்தி வந்தது என்று டாக்டரம்மா கேட்டார். அவர் சுவரைத் தட்டி, இடம் யாருடையது என்று நினைவூட்டினார்.

“இடம் உங்களுதுங்க. ரிசல்ட் உங்களுது இல்லீங்க. காலி பண்ணோணும்னா பண்ணிப்போடறேன், மாத்தி எழுதமாட்டனுங்க.”

எனக்கு வேலை போய்விடும் என்ற பயம். டாக்டரம்மாவோ ஜன்னலோரம் மேசையைப் போட்டு, இரண்டு தொகுதித் தட்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, பண்ணைக்காரர்களை வரவழைத்தார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள்.

“ஏனுங்க, அப்ப எங்க கோழிக்கு ஒண்ணுமே ஏறலீங்களா?” என்று கேட்டார் அந்த அக்கா.

“ஏறலீங்க அம்மணி. இன்னைக்கே வேற மருந்து போட்டுப்போடுங்க.”

அன்றே மருந்து மாற்றியவர்கள் தப்பித்தார்கள். ஏஜென்ட் பேச்சை நம்பிக் காத்திருந்த ஒரு பண்ணையில் மட்டும் கழிச்சல் வந்து, குழி வெட்டிக் கோழிகளைப் புதைத்தார்கள். அந்தத் தொகுதியைக் கம்பெனி சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டது. நாங்கள் இடத்தைக் காலி செய்து, ஒரு டெம்போவில் பிரிட்ஜை ஏற்றிக்கொண்டு தறிக் குடோன் ஒன்றுக்குக் குடிபோனோம். தகரக்கூரை, பகலில் வெந்துபோவோம். பண்ணைக்காரர்கள் அங்கேயும் வந்தார்கள்.

இப்போது எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று கருவியே எண்ணில் காட்டிவிடுகிறது. குனிந்து பார்க்க ஆளில்லை. எனக்கு மறக்காதது, அடுத்த கோடையில் குடோன் வாசலில் வந்து நின்ற ஏஜென்ட்டின் முகம். மகளுக்குப் புதிதாகப் பண்ணை வைத்துக் கொடுத்திருந்தாராம். கையில் ரத்தக் குழாய்கள். யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம், வேறு ஆய்வகத்துக்கும் போயிருக்கலாம். டாக்டரம்மா குழாய்களை வாங்கி என்னிடம் தந்துவிட்டு, அவருக்கு நாற்காலி போட்டார்.

“உக்காருங்க. ஆனதும் நீங்களே பாத்துப்போட்டுப் போங்க.”

அவர் உட்கார்ந்து காத்திருந்தார். தட்டு தயாரானதும், எல்லோரையும் போலவே குனிந்தார்.