சித்தப்பா படுத்துப் பார்த்த தரை

சித்தப்பாவுக்கு மெத்தைக் கம்பெனியில் வேலை. தைத்து முடித்த மெத்தையில் எங்கேயாவது மேடு பள்ளம் இருக்கிறதா என்று படுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு வேலை கிடைக்க மனிதன் தவம் கிடக்க வேண்டும். சித்தப்பா அதற்கும் மட்டம் போடுவார். படுக்கிற வேலைக்குப் போகச் சோம்பல்பட்டு வீட்டில் படுத்துக்கொள்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கம்பெனியில் அவருக்குப் பெயரே மட்டம்தான். "மட்டம் வந்தாச்சா?" என்று காலையில் மேற்பார்வையாளர் கேட்பாராம். "வந்தாச்சு சார், இன்னிக்கு மட்டம் மட்டம் போடல" என்று யாராவது சொன்னால் அன்று முழுக்க அதே சிரிப்பாம். லீவுக்காக அவர் தன் ஒன்றுவிட்ட பெரியப்பாவைப் பல விதமாகச் சாகடித்திருக்கிறார். அதில் ஒரு சாவுக்குப் போனில் அழுதது நான். நன்றாகவே அழுதேன். மேற்பார்வையாளர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

நானும் அம்மாவும் மாடியில், சித்தப்பாவும் சித்தியும் கீழே. அம்மா வேலைக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடமும் நானும் போன வருடம் சண்டை போடாமல் பிரிந்துவிட்டதால், எனக்குப் பகல் நேரம் சும்மா கிடந்தது.

சித்திக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்புகளுக்கு நாள் பூராவும் நின்றபடி இஸ்திரி போட வேண்டும். அவர் மெத்தை, இவள் விரிப்பு. ஜாடிக்கேற்ற மூடி என்று அம்மா சொல்வாள். ஜாடி நின்றுகொண்டே இருக்கிறது, மூடி படுத்துக்கொண்டே இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டாள்.

நின்று நின்று சித்தியின் வலது முட்டி போய்விட்டது. மாடிப்படி ஏறி எங்கள் வீட்டுக்கு வருவதை முதலில் விட்டாள். பிறகு தெருமுனைக் கடைக்குப் போவதை விட்டாள். "தண்ணிக்குள்ள தினம் நடங்க. முட்டிக்கு பாரம் தெரியாது. மழைக்காலம் வரைக்கும் பாப்போம், சரியாகலன்னா கத்தி வெச்சுத்தான் ஆகணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கத்தி என்றால் சித்திக்கு நடுக்கம். ஆபரேஷன் தியேட்டர் விரிப்புகளையும் அவள்தானே தேய்க்கிறாள். அவளுக்குத் தெரியாத கறை இல்லை.

பொது நீச்சல் குளத்துக்கு ஒரே ஒரு நாள் போனாள். "எல்லாரும் மீன் மாதிரி போறாங்க. நான் நடுவுல தோணி மாதிரி நிக்கறேன். அத்தனை கண்ணும் என் மேலதான்" என்று திரும்பிவிட்டாள்.

அப்போதுதான் சித்தப்பா வீர வசனம் பேசினார். கூட வேலை செய்தவர் ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது, தரைக்கு மேல் நிறுத்துகிற நீச்சல் தொட்டி ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தார். வட்டமானது, மார்பளவு உயரம், தகரச் சுவர், உள்ளே நீல உறை. சித்தப்பா அதை வாங்கி வந்துவிட்டார். "உனக்கு எதுக்கு ஊரான் குளம்? நம்ம கொல்லையிலயே நடக்க வெக்கறேன்."

சித்தி அவரைப் பார்த்த பார்வையில் கல்யாணமான நாளிலிருந்து அவர் பாதியில் விட்ட அத்தனை வேலையும் வரிசையாக வந்து நின்றது.

தொட்டி பொருத்துகிற ஆள் போனில் ஒரே ஒரு விஷயம் சொன்னார். "சனிக்கிழமை வர்றேன். அதுக்குள்ள தரையை மட்டும் மட்டமா வெச்சிருங்க சார்."

"மட்டம்தானே, அதை என்கிட்ட விடுங்க" என்றார் சித்தப்பா. அந்த ஒரு வார்த்தையில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைத்துவிட்டார்.

தரையை மட்டம் செய்வதற்காகக் கம்பெனிக்கு மட்டம் போட்டார். துணிக்கொடிக் கம்பைப் பிடுங்கினோம். சக்கரம் இல்லாத சைக்கிளை மதிலோரம் சாய்த்தோம். நடுவில் ஒரு முளை அடித்து, அதில் கயிறு கட்டி, நுனியில் ஆணியைப் பிடித்துக்கொண்டு நான் சுற்றிவந்ததில் வட்டம் விழுந்தது. வட்டத்துக்குள் இருந்த புல்லை வேரோடு செதுக்கினோம். கல் பொறுக்கினோம். மதில் பக்கம் கொஞ்சம் தாழ்வாகத் தெரிந்தது. சித்தப்பா அங்கே நாலு சட்டி மண்ணைக் கொட்டி, மேலே ஏறிக் குதித்து, "ஆச்சு" என்றார்.

"ரசமட்டம் இரவல் வாங்கிட்டு வரட்டுமா சித்தப்பா?"

"எதுக்கு? கண்ணாடிக்குள்ள ஒரு குமிழி. அதுக்கு என்ன தெரியும்? இத்தனை வருஷத்துல இந்த முதுகு ஒரு மெத்தைக்குத் தப்பு சொன்னதில்ல, தெரிஞ்சுக்கோ."

சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் மல்லாந்தார். கண்ணை மூடி மெதுவாக உருண்டார். "இங்க ஒரு கூழாங்கல்." தோண்டினேன், இருந்தது. "இங்க வேர் முண்டு." இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அவர் முகம் கழுவப் போன நேரத்தில் ஒரு சோடா மூடியைப் புதைத்து, மேலே மண்ணைத் தடவி வைத்தேன். திரும்பி வந்து உருண்டவர் சரியாக அதன்மேல் வந்ததும் உருள்வதை நிறுத்தினார்.

"இது பூமியோட வேலை இல்ல. உன் வேலை."

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு டெய்லரின் தலை தெரிந்தது. "என்ன சார், மண்ணுக்கு அளவெடுக்கறீங்களா?"

"ஆமா, உங்களை மாதிரி இல்ல. நான் எடுத்தா சரியா இருக்கும்" என்றார் சித்தப்பா படுத்தபடியே.

பொருத்துகிற ஆள் சொன்னபடி சனிக்கிழமை வந்தார். கையில் நீளமான பலகை, அதன்மேல் ரசமட்டம். ஒரு பக்கம் வைத்துப் பார்த்தார், மறுபக்கம் போய்க் குனிந்தார், எழுந்து பலகையைத் துடைத்து வைத்துக்கொண்டார்.

"மட்டமா இல்லைங்களே."

"என்னது? படுத்துப் பாத்துட்டுப் பேசுங்க."

"சார்?"

"சும்மா படுங்க. அப்பறம் சொல்லுங்க."

அந்த மனிதர் நல்லவர். செருப்பைக் கழற்றிவிட்டு நிஜமாகவே படுத்தார். சித்தப்பா இடுப்பில் கைவைத்து, புது மெத்தை விற்பவர் போல நின்றார்.

"எப்படி?"

"சொகமாத்தான் இருக்கு. கல்லு, முள்ளு ஒண்ணும் இல்ல. ஆனா கொல்லை மொத்தமும் மதிலைப் பாத்து சாஞ்சிருக்கு சார், ஒரு சாண் சாய்வு. உங்க முதுகுக்கு அது தெரியாது, வழவழப்பு மட்டும்தான் தெரியும். தண்ணிக்கு முதுகு கிடையாதுங்க. அது சாய்ஞ்ச பக்கம் போய் நிக்கும், தொட்டி வாயைப் பொளந்துக்கும், உள்ள இருக்கற ஆளோட போய் மதில்ல மோதும்."

உள்ளே இருக்கப் போகிற ஆள் யார் என்று எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

மதில் பக்கம் கொட்டியிருந்த மண்ணை அவர் காலால் அமுக்கிக் காட்டினார். கால் உள்ளே போனது. "பள்ளத்தை ரொப்பக் கூடாது சார். ரொப்பின மண்ணு பாரம் தாங்காது. மேட்டைத்தான் வெட்டி இறக்கணும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இந்தப் பக்கம் வருவேன். முடிச்சிருந்தா நிறுத்திடலாம். இல்லன்னா மழை விட்டப்பறம்தான்."

அவர் போனதும் சித்தப்பா தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

சித்தி வேலை முடிந்து வந்து, கதவு நிலையைப் பிடித்தபடி கொல்லையைப் பார்த்தாள். நடந்ததை நான்தான் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தோம். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"விடுங்க. உங்க முதுகாவது நல்லா இருக்கட்டும்" என்றாள் கட்டிலைப் பார்த்து. பிறகு என்னிடம், "ஏண்டி, உனக்குத்தான் போன்ல நல்லாப் பேச வருமே. ஆஸ்பத்திரிக்குப் போட்டு ஆபரேஷனுக்கு ஒரு தேதி கேட்டு வை."

சுவரைப் பார்த்த முதுகு அசையவில்லை.

நான் போனை எடுத்து, மரியாதையாகப் பேசி, காத்திருந்து, நன்றி சொல்லி வைத்தேன். "அடுத்த மாசக் கடைசிலதான் இடம் இருக்காம் சித்தி. அப்ப கூப்பிடச் சொன்னாங்க." எதிர்முனையில் ஆளே இல்லாவிட்டால் நான் இன்னும் நன்றாகப் பேசுவேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கட்டிலை விட்டு எழுந்தது சாப்பிட மட்டும்தான். திங்கட்கிழமை காலை சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் சித்தப்பா மேட்டுப் பக்கம் மண்வெட்டியோடு நிற்கிறார். பக்கத்தில் ஒரு ரசமட்டம். எந்தக் கொத்தனாரை எழுப்பி வாங்கினாரோ. நான் இறங்கிப் போய்ப் பலகையின் மறுமுனையைப் பிடித்தேன்.

சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மேல்மண்தான் மண், அதற்குக் கீழே எல்லாம் பகை. கடப்பாரை போட்டால் டங்கென்று திரும்பி வந்தது. ஒரு சட்டி மண் வெட்டுவதற்குள் சித்தப்பா ஒருமுறை உட்கார்ந்தார், ஆனால் படுக்கவில்லை. அவர் முதுகு வளைந்து நான் பார்ப்பதே அதுதான் முதல் தடவை. வெட்டுவார், பலகை வைப்பார், குமிழி ஓடும், "சனியனே, நில்லேன்" என்பார், மறுபடி வெட்டுவார்.

நடுவில் போன் அடித்தது. மேற்பார்வையாளர். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பெரியப்பாவை மறுபடி சாகடிக்கத் தயாரானேன். சித்தப்பா மண் கையோடு போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"சார், நான்தான். உடம்பெல்லாம் நல்லா இருக்கு. வீட்ல தரையை மட்டம் பண்ணிட்டு இருக்கேன், அதான் வரல."

அந்தப் பக்கச் சிரிப்பு எனக்கே கேட்டது. "யோவ், இத்தனை நாளா செத்த கதை சொன்ன, அதுக்காவது ஒரு மரியாதை இருந்துது. மட்டம் பண்றேன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்ற அளவுக்கு வந்துட்டியா?"

"நெஜமாத்தான் சார். மண்வெட்டியும் கையுமா நிக்கறேன்."

"நீ? மண்வெட்டி?" போன் வைக்கப்பட்டது. அத்தனை பொய்யையும் பொறுத்துக்கொண்ட மனிதர், ஒரே ஒரு உண்மைக்குத் தண்டனை கொடுத்தார். அந்த வாரமே சித்தப்பாவைத் தலையணைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். தலையணையில் தலையை மட்டும்தான் வைத்துப் பார்க்க முடியும். மிச்ச உடம்பு நின்றாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பொருத்துகிற ஆள் பலகையை எந்தத் திசையில் வைத்தாலும் குமிழி நடுவில் வந்து உட்கார்ந்தது. சலித்த மணலை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பினார், திமிசுக்கட்டையால் தட்டினார், தகரச் சுவரை நிறுத்தினார், நீல உறையைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து மாட்டினார். ஏணியையும் வைத்தார். குழாயைத் திறந்துவிட்டுக் கிளம்பினார். மறுநாள் பகல் முழுக்கத் தொட்டி நிறைந்தது. சுற்றிலும் தண்ணீர் ஒரே கோட்டில் நின்றது. சித்தப்பா கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாக அதைச் சுற்றிச் சுற்றி வந்து, டெய்லர் வீட்டுப் பக்கம் வரும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாக இருமினார்.

சித்தி வேலையிலிருந்து வந்து, பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு தொட்டியருகே போனாள். ஏணியைப் பார்த்தாள். இந்தப் பக்கம் நாலு படி ஏற வேண்டும். அந்தப் பக்கம் நாலு படி இறங்க வேண்டும்.

படி ஏற முடியாத முட்டிக்காகத்தான் இவ்வளவும் என்பது அந்த நிமிஷம் வரை எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"முட்டி சரியானா இதுல ஏறலாம். இதுல ஏறினா முட்டி சரியாகும்" என்றாள் சித்தி. "நல்லா யோசிச்சிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. முந்தின நாளே வெந்து கொப்புளம் கட்டிய அவர் உள்ளங்கைகள் தெரிந்தன.

"நான் பிடிச்சுக்கறேன்" என்றார்.

"நீங்க எதைப் பிடிச்சு முடிச்சிருக்கீங்க?"

"இதை முடிக்கறேன்."

சித்தி ஒரு மூச்சு விட்டாள். நல்ல காலை முதல் படியில் வைத்தாள். கெட்ட காலை இழுத்துப் பக்கத்தில் சேர்த்தாள். பல்லைக் கடித்தாள். சித்தப்பா பின்னாலிருந்து தோளைக் கொடுத்தார். "மெதுவா. நான் மெத்தை இல்ல" என்றாள். "தெரியுது, மெத்தைக்கு வாய் இல்ல" என்றார். ஏணியின் மறுகாலை நான் தொங்கிப் பிடித்தேன். உச்சியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் முட்டியைத் தேய்த்தாள். அந்தப் பக்கம் இறக்கிவிட ஆள் வேண்டும் என்பதால், சித்தப்பா கம்பெனிச் சட்டையோடு சுவர்மேல் ஏறி உள்ளே விழுந்தார். பாதித் தண்ணீர் என் மேல் விழுந்தது.

சித்தி இறங்கினாள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி வைத்தாள். வழக்கம்போல முகத்தைச் சுளித்தாள். சுளித்த முகம் அப்படியே நின்றது. வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு எதையோ மறந்துவிட்டோமே என்று பையைத் துழாவுகிறவள் போல இருந்தாள். இன்னொரு அடி வைத்தாள். வலி வரவில்லை. சுற்றி வந்தாள். மறுசுற்றில் விளிம்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

சித்தப்பா அவளுக்குப் பின்னால் நடந்தார், விழுந்தால் பிடிக்க. இரண்டு பேரும் ஒரே பக்கமாகச் சுற்றியதில் தண்ணீரும் அவர்களோடு சுற்ற ஆரம்பித்தது. சித்தியின் நடை வேகமானது.

"தள்ளாதீங்க" என்றாள்.

"நான் எங்க தள்ளறேன்? ரெண்டு கையும் மேலதான் இருக்கு, பாரு."

சித்தி திரும்பிப் பார்த்தாள். ஒரு கை தூரத்தில், போலீசிடம் மாட்டியவர் போலக் கைகளைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"அப்ப யாரு தள்ளறது?"

"தண்ணி."

சித்தி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.