சினை நிற்காத கோடை

மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்து, மறுகண்ணை முந்தானையால் பொத்திக்கொண்டு அக்கா நின்ற நிற்பு இன்னும் மறக்கவில்லை. படவேடு சாலையில் எங்கள் பன்றிப் பண்ணையின் தீவன அறை அது. வெயிலில் தகரக் கூரை சடசடத்துக்கொண்டிருந்தது. "இன்னா டாக்டர், ஒண்ணுமே ஓடலையே?" என்றாள்.

ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பம் எங்களுடையது. நான் பன்றி வளர்க்கப் போனதில் அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார். அந்த வருத்தம் ஆறுவதற்குள், குழந்தை இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அக்காவைப் புகுந்த வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். தெருவில் தலைகாட்டப் பிடிக்காமல் அவள் என்னோடு பண்ணைக்கு வர ஆரம்பித்தாள். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தவள், போகப்போக ஈனுகிற பன்றியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். தாய் புரண்டு குட்டியை நசுக்கிவிடக் கூடாதே என்ற கவலை அவளுக்கு. குட்டிகளைப் பிரித்தபின் மெலிந்து நிற்கும் தாய்களுக்குக் கூடுதலாகத் தீனி போடுவாள். அவள் வந்த பிறகு பண்ணைக்கு ஒரு வீட்டின் சாயல் வந்துவிட்டது.

அந்தக் கோடையில்தான் பெண் பன்றிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சினை நிற்காமல் போயின. ஆணோடு சேர்த்துவிட்டாலும் மறுபடியும் பருவத்துக்கு வந்தன. தப்பித் தவறிச் சினை நின்றவையும் கொஞ்சம் குட்டிகளே போட்டன. கறி வியாபாரி வந்து பார்த்தார். "மலட்டுப் பன்றிங்கள வச்சிகினு இன்னா பண்ணப்போற? ஜல்தியா வண்டில ஏத்திவுடு" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

அக்கா கொட்டகைக் கதவை மறித்து நின்றாள். "தீனி சரியா இருக்குதா, தண்ணி பத்துதா, வெயில் தாங்குதா, எதையாவது பார்த்தீங்களா? அதுக்குள்ள மலடுன்னு சொல்லிடுவீங்களா?" என்றாள். வியாபாரி போய்விட்டார். நான் கால்நடை டாக்டரை அழைத்தேன்.

டாக்டர் தீவனத்தை முகர்ந்து பார்த்தார். பெண் பன்றிகளைச் சோதித்தார். கடைசியாக ஆண் பன்றி நின்ற அடைப்புக்கு வந்தார். மேற்கு வெயில் நேராக இறங்கும் இடம் அது. விந்து எடுத்து, தீவன அறையில் தான் கொண்டுவந்த மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர், அக்காவையும் பார்க்கச் சொன்னார். "எல்லாம் வெயில்ல செத்துப்போச்சும்மா. பொம்பளைங்களும் வெயில்ல சரியா தின்னல, ஆனா பெரிய குறை இவங்கிட்டதான்" என்றார்.

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே தவிட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்தவள், அப்படியே அழ ஆரம்பித்தாள். "அந்த ஊட்ல அவர ஒரு தடவையாவது டெஸ்ட்டுக்குக் கூப்ட்டாங்களாடா தம்பி?" என்று கேட்டாள். டாக்டர் மெல்ல வெளியே போய் நின்றுகொண்டார்.

ஆண் பன்றியை வேப்பமர நிழலுக்கு மாற்றினோம். ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டோம். மழை பிடித்ததும் பன்றிகள் சினை நின்றன. மார்கழியில் கொட்டகை முழுக்கக் குட்டிகளின் கீச்சொலி. அக்கா ஒவ்வொன்றாகத் துடைத்து முலையில் சேர்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம், விவாகரத்து முடிந்த பிறகு, செய்யாரில் கம்பெனி வேலையில் இருந்த ஒருவர் பெண் கேட்டு வந்தார். மனைவியை இழந்தவர், சின்னப் பெண் குழந்தை ஒன்று. அக்கா யாரையும் கேட்காமல் சரி என்றாள். அந்தக் குழந்தை அவளை அம்மா என்று கூப்பிட்டது. அதற்குமேல் அவள் எதையும் தேடவில்லை. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் அவள் பஸ் ஏறிப் போன பிறகு பல நாள், தீனி கலக்கும்போது யாரிடமோ பேச வாயெடுத்து நிறுத்திக்கொள்வேன்.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்கு ஆரணி வந்தவள், சொல்லாமல் பண்ணைப் பக்கம் வந்துவிட்டாள். கேட் அருகில் நின்று, "எந்திரிங்கடி, அம்மா வந்துட்டேன்" என்று பழைய மாதிரியே குரல் கொடுத்தாள். முன்பெல்லாம் அந்தக் குரலுக்குக் கொட்டகையே எழுந்து நிற்கும். ஆனால் சில முறை ஈன்ற பிறகு ஒரு தாயைப் பண்ணையில் வைத்திருக்க முடியாது. அவளை அறிந்தவை எல்லாம் எப்போதோ கறிக்குப் போய்விட்டன. படுத்திருந்த பன்றிகளில் ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.

வாளியைப் போட்டுவிட்டு நான்தான் ஓடினேன்.