பிரேக் லைட்டாக வந்த கரீம் பாய்

ஈக்காட்டுத்தாங்கலில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை நடத்தியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. எத்தனையோ பிரேக் லைட்டை எரிய வைத்திருக்கிறேன். ஒரு மனிதரே பிரேக் லைட்டாக வந்து நின்றதை அந்தச் சனிக்கிழமைதான் பார்த்தேன்.

பர்வீன் ஜீப்பை ஓட்டி வந்தார். ஜீப்பின் கொக்கியில் ஒரு டிரெய்லர். பெசன்ட் நகர் கடற்கரையில் மாலை நேரத்தில் அவர் போடும் கபாப் கடை அதுதான். அதற்கும் பின்னால் ஸ்கூட்டரில் அவர் கணவர் கரீம் பாய், முழங்கையில் கட்டோடு.

"டிரெய்லர்ல லைட்டு எரியல அண்ணா. இவ பிரேக் போட்டா நான் பின்னால கைய தூக்கிடுவேன்" என்றார் பாய், பெருமையாக.

"நேத்து பஸ்ஸுகாரன் இட்ச்சிட்டு போனத சொல்லுங்க" என்றார் பர்வீன். என் பக்கம் திரும்பினார். "இன்னைக்கும் எரியலன்னா கடைய வித்துடுவேன் அண்ணா. இவர ரோட்ல பலி குடுத்துட்டு நான் யாருக்கு கபாப் சுடறது?"

"லைட்டு எரியாம இந்த வண்டி என் கடைய உட்டு போவாதும்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா?

ஏற்கெனவே இரண்டு கடைகளில் பல்பு, ஹோல்டர், சாக்கெட், வயர் எல்லாம் புதிதாகப் போட்டிருந்தார்கள். பிரேக்கை மிதித்தால் பிரேக் லைட், பார்க் லைட், இண்டிகேட்டர் மூன்றும் சேர்ந்து மங்கலாக மினுங்கின. டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பை ஜீப் பாடியில் மாட்டி, டிரெய்லர் வயரைச் சொருகும் சாக்கெட்டின் ஒவ்வொரு பின்னையும் லேம்ப்பின் ஊசியால் தொட்டேன். பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வருகிறது, லைட் எரியவில்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போனது. என் கோபம் ஆறவில்லை.

"இது எப்பலர்ந்து இப்படி?"

"நோம்புல கடைய மூடியிருந்தோம்ல, அதுக்கப்பறம்தான்" என்றார் பர்வீன்.

"மூடி வெச்சப்ப இன்னா பண்ணீங்க?"

பாயின் முகம் மலர்ந்தது. "பெயிண்ட் அடிச்சேன் அண்ணா! பீச்சு உப்புக் காத்துல துரு புடிக்குதே. ஒவ்வொரு போல்ட்டா கழட்டி, அடியில ரெண்டு கோட்டு. கொக்கிக்கும் நல்லா கிரீஸ்."

நான் டிரெய்லருக்கு அடியில் படுத்துவிட்டேன். பல்புக்குப் போகும் கரண்ட் டிரெய்லரின் இரும்புச் சட்டம் வழியாக எர்த் வயருக்கு வந்து, ஜீப்புக்குத் திரும்ப வேண்டும். அந்த வயரைச் சட்டத்தில் இறுக்கும் போல்ட்டுக்கு அடியில் வழுவழுவென்று பச்சை பெயிண்ட். கொக்கி வழியாகவும் திரும்ப முடியாதபடி அங்கே கிரீஸ். திரும்பும் வழி அடைபட்டதால் கரண்ட் மற்ற பல்புகள் வழியாகத் தடுமாறி ஓடியிருக்கிறது. கிளிப்பை ஜீப்பிலிருந்து எடுத்துச் சட்டத்தைச் சுரண்டி அங்கே மாட்டி, மறுபடி பின்னைத் தொட்டுப் பார்த்தேன். டெஸ்ட் லேம்ப்பும் மங்கியது. போதும், திருடன் அகப்பட்டான்.

உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்து, போல்ட்டை முறுக்கி, துரு ஏறாமலிருக்க மேலே மட்டும் கிரீஸ் தடவினேன். சட்டத்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு லைட்டுக்கும் தனி எர்த் வயரும் இழுத்தேன்.

"மிதிம்மா!"

இரண்டு பக்கமும் சிவப்பு பளீரென்று எரிந்தது. பர்வீன் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதுவிட்டார். பாய் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தார்.

"ஏங்க, எங்க போறீங்க? முன்னால வந்து ஏறுங்க!"

ஸ்கூட்டர் என் கடையிலேயே நின்றது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பல்பை மாற்றுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். அதையும் எந்த வண்டியில் கோளாறோ அந்த வண்டியின் இரும்பிலேயே கிளிப்பை மாட்டிப் பாருங்கள்.

தெரு முனையில் பர்வீன் பிரேக் போட்டார். இரண்டு லைட்டும் எரிந்தன. கூடவே ஜீப் ஜன்னலிலிருந்து, கட்டுப் போட்ட ஒரு கையும் மேலே எழுந்தது.