கீழ்வீட்டில் ஒன்பது மாலைகள்

ஆலம்உண் டிருண்ட கண்டத் தண்ணலே, அலைகள் சூழ்ந்த
ஞாலம்எங் கணும்நின் றாடும் நாதனே, பனியின் நாட்டில்
காலம்போக் கிடும்என் நாவில் கரவிலாச் சொல்லே தந்து
கோலம்ஒன் றிலதாய்ச் சொல்லும் கதையிதைக் காத்தல் வேண்டும்.

இன்று மார்கழித் திருவாதிரை. ஜெர்மனியின் வுப்பர்டாலில் இன்னும் இருள் விலகாத காலை எட்டு மணிக்கு நீராடித் திருநீறு அணிந்து இதை எழுதத் தொடங்குகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் மார்கழியில் வந்த திருவாதிரையைப் பற்றியது இது.

அப்போது என் மனைவி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தகனசாலையில் எங்களுக்குக் கிடைத்த டெர்மின், அதாவது ஒதுக்கிய நேரம், அரை மணி. நான் பதிகம் பாடினேன். வந்திருந்தோர்க்கு அடிகள் தெரியவில்லை. தலை குனிந்து நின்றார்கள். பாடல் எதிர்ச்சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது. அதன் பிறகு, நான் வாய் திறக்க வேண்டும் என்று எவரேனும் காத்திருந்த இடம் ஒன்றே ஒன்று: பழைய கிடங்கொன்றை வாடகைக்கு எடுத்து நம்மவர் நடத்திய கோயில். ஆண்டுதோறும் திருவாதிரையன்று அங்கே ஓதுவது என் பணி.

கீழ்வீட்டில் பிலிப்பீன்ஸ் நாட்டுப் பெண்மணி ஒருவர் தனியே இருந்தார். இளமையில் மருத்துவத் தாதியாக இங்கு வந்து, முதியோர் இல்லமொன்றில் பணிபுரிந்து முடித்தவர். எங்களை அறிமுகம் செய்தது ஒரு கடிதம். படிக்கட்டெங்கும் கருவாடு பொரிக்கும் மணம் வீசுவதாக வீட்டு நிர்வாகம் எனக்கு எழுதியது. ஐம்பது ஆண்டுகளாக மீனோ இறைச்சியோ தொடாதவன் நான். அயலவரின் மூக்கு, கறுத்த தோலைக் கண்டு மணம் வந்த கதவைத் தீர்மானித்திருந்தது. செய்தி அறிந்து அவர் அன்றே மேலேறி வந்து, அந்த மீன் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழம் தந்துவிட்டுப் போனார். பின்னர் படியில் கண்டால் தலையசைப்போம், அவ்வளவே. அவருடைய ஜெர்மன் சரளமானது, என்னுடையது நொண்டி.

கிறிஸ்து பிறந்த நத்தார் கழிந்த மறுநாள், ஊன்றுகோல் ஒவ்வொரு படியாக ஏறிவரும் ஓசை கேட்டது. முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்து அவருக்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஊரில் தாய் இறந்துவிட்டார் என்றார். விமானம் ஏறக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். அவர்கள் ஊரில் மரணவீட்டில் ஒன்பது மாலைகள் செபம் சொல்வார்கள். ஒருவர் முற்பாதி சொல்ல, கூடியிருப்போர் பிற்பாதி சொல்ல வேண்டும். இறந்தவர் அந்த ஒன்பது நாளும் தம் பிள்ளைகளின் வீட்டைச் சுற்றி நின்று, அந்த மறுமொழியைக் கேட்ட பிறகே வழி தெரிந்து போவார். அவருடைய தோழியர் விடுமுறைக்குப் பிள்ளைகளிடம் போயிருந்தார்கள். முற்பாதி சொல்ல அவர் இருந்தார், பிற்பாதிக்கு ஆளில்லை.

"நீங்கள் மேலே பாடுவது எனக்குக் கேட்கும். உங்களிடம் குரல் இருக்கிறது. பாதி சொன்னால் போதும்" என்றார்.

மறுப்பதற்குச் சொல் தேடினேன். தகனசாலைச் சுவர் நினைவுக்கு வந்தது.

அவர் மொழியில் அந்தப் பிற்பாதியை, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். பொருளைக் கேட்டேன். இப்போதும் இறக்கும் வேளையிலும் எங்களுக்காகப் பேசு என்று ஒரு தாயை வேண்டுவது என்றார். அந்தக் கடைசி வேளைக்குத் துணை வேண்டி நைந்துருகுவது எங்கள் நாவுக்கும் பழக்கமே. தடையின்றிச் சொன்னேன்.

செபம் முடிந்ததும் தேநீர் ஊற்றி, ஊரைச் சொல்வார். கடலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே ஒரு நீண்ட தெரு. அதன் முடிவில் தேவாலயம். ஸ்பானியப் பாதிரிமார் காலத்தில், கடலடிப் பவளக்கல்லை வீட்டுக்கு இத்தனை என்று சுமக்க வைத்துக் கட்டியது. அருகில் ஒரு காவற்கோபுரம். காற்றுத் திரும்பும் மாதங்களில் தெற்குக் கடலிலிருந்து, அடிமையாக விற்க ஆள்பிடிக்கும் படகுகள் வரும். கோபுரத்து மணி அடித்தால் ஊர் முழுதும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கற்சுவருக்குள் ஓடும். அந்தக் காலம் போய், அமெரிக்கரின் பள்ளிக்கூடம் வந்து, பின் ஜப்பானியப் படை வந்தது. அப்போது சிறுமியாக இருந்த தாய் கடலோரக் கண்டற்காட்டுச் சேற்றில் கழுத்தளவு ஒளிந்து நின்றாராம். அதன் பின் வாழ்நாள் முழுதும் அவர் நண்டு உண்ணவில்லை. காரணம் கேட்டால், "அவை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை" என்பாராம்.

அந்த மணி இப்போது புயலுக்கு அடிக்கிறது. அவ்வூரார் ஆண்டுகளை எண்ணால் சொல்வதில்லை. கூரை பறந்த புயலுக்கு முன் பிறந்தவன், பாலம் போன புயலுக்குப் பின் மணமுடித்தவள் என்றே சொல்வார்கள்.

தாய் கருவாடு போட்டு விற்றவர். மீனை முதுகில் கீறி, உப்புநீரில் ஊறவைத்து, மூங்கில் தட்டுகளில் தெரு நெடுகப் பரப்புவார்கள். மழை இருட்டினால், யார் தட்டு என்று பாராமல் தெருவே ஓடிவந்து எடுக்கும். தன் தட்டை முதலில் எடுத்தவளுக்கு ஓராண்டு கெட்ட பெயர் நிற்கும். இப்போது ஆண்கள் கப்பல்களிலும் பெண்கள் பிற நாட்டு மருத்துவமனைகளிலும் இருக்கிறார்கள். தெருவில் சீமெந்து வீடுகள் எழுந்துவிட்டன. யன்னல்கள் சாத்தியே கிடக்கின்றன. மழை வந்தால் ஓடுவதற்குக் கால்கள் போதவில்லை. தொலைபேசியில் தாய் எப்போதும் முதலில் கேட்பது ஒரே கேள்வியாம்: அங்கே மழையா?

முதல் மாலை நான் சொல்லாமல் எழுந்து வந்தேன். மரணவீட்டில் 'போயிட்டு வாறன்' என்று சொல்லலாகாது என்பது எங்கள் வழக்கம். அவரும் எழவில்லை, முழங்கால் வலி என்று எண்ணினேன். நான்காம் மாலைதான் தெரிந்தது, அவர்கள் ஊரிலும் மரணவீட்டார் எவரையும் வாசல்வரை வழியனுப்புவதில்லை. மற்றவர் மனம் நோகுமே என்று இருவரும் மூன்று நாள்கள் அஞ்சியிருக்கிறோம்.

எட்டாம் நாள் கோயில் சபைத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, நாளைக்குப் பின்னேரம் அபிசேகம். கார் அனுப்புறன், வெளிக்கிட்டு நில்லுங்கோ."

வேலைக்குப் போவோர் வசதிக்காக இங்கே திருவாதிரை மாலையில்தான் நடக்கும். அந்த மாலையே ஒன்பதாம் மாலை. வர ஏலாது என்றேன், காரணத்தையும் சொன்னேன்.

"அந்த அம்மா உங்களுக்கு என்ன உறவு?"

"உறவில்லை."

"அப்ப தீட்டில்லை, முழுகிப்போட்டு வரலாம்தானே." பிறகு, "என்ன அண்ணை, இந்த வயசிலை கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிப்போட்டியளோ?" என்று சிரித்தார்.

"இல்லைத் தம்பி. அங்கை மற்றப் பாதி சொல்ல நான் ஒராள்தான்."

"இஞ்சை ஓதவும் நீங்கள் ஒராள்தான்."

அது உண்மை. அன்று முழுவதும் இதையே எண்ணினேன். என் பாட்டு இல்லாவிட்டாலும் அம்பலத்தான் ஆட்டம் நிற்காது. ஆனால் எட்டு மாலைகள் கேட்டுவிட்டு ஒன்பதாவதற்குக் காத்து நிற்கும் கிழவி எங்கே போவாள்? இப்படித்தான் முடிவு செய்தேன். ஆயினும் அடுத்த நாள் மாலை படியிறங்கும்போது, அபிடேக வேளை என்று கால் ஒருமுறை நின்றது.

அன்று மேசையில் இறந்தவருக்கு ஒரு தட்டு வைத்திருந்தார்: சோறும் பொரித்த கருவாடும். எனக்குத் தனியே சோறும் வாழைப்பழமும். பிற்பாதியைத் தாள் பாராமல் சொன்னேன். இறுதியில் அவர் தட்டை நோக்கித் தம் மொழியில் மெல்ல ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன்.

"மழை பெய்கிறது என்று சொன்னேன்."

யன்னலுக்கு வெளியே வுப்பர்டாலின் வழக்கமான மழை. நான் எழுந்தேன். அவர் மேசையைப் பற்றி எழுந்து, ஊன்றுகோலோடு வாசல்வரை வந்தார். "போயிட்டு வாறன்" என்று தமிழிலேயே சொன்னேன். அதற்குப் பொருள் அவர் கேட்கவில்லை.

மறுநாள் கோயில் தலைவரிடம் விசாரித்தேன். "சீடி போட்டம் அண்ணை, ஒரு குறையும் இல்லை" என்றார். அடுத்த ஆண்டு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஆண்டும் இல்லை. அந்தப் பங்குனியிலேயே, கால் தேறியதும், கீழ்வீட்டுப் பெண்மணி தம் ஊருக்கே திரும்பிவிட்டார். தட்டுகளை எடுக்க ஓடுவதற்கு இரண்டு கால்கள் கூடும் என்று சொல்லிச் சிரித்தார். கீழ்வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். படியில் எந்த மணமும் இல்லை.

இன்று மாலை நானே விளக்கேற்றி ஓதுவேன். ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னும், பிறர் சேர்ந்து சொல்லும் அளவு நேரம் நிறுத்துவது என் பழக்கம். அந்த இடைவெளியில் மழை மட்டும் கேட்கும். பின்னர் நாட்காட்டித் தாளை எடுத்து, பார்த்திராத ஊரின் காணாத அம்மைக்காக அந்தப் பிற்பாதியை ஒருமுறை சொல்லிவிட்டு விளக்கைத் தணிப்பேன்.

இதைப் படிப்போர் எவராயினும், எந்த நாட்டில் எந்தக் கூரையின் கீழ் இருப்பினும், உங்கள் வீடு வளம் பெறுக. உங்கள் தட்டுகள் நனையாதிருக்க. நீங்கள் பாதி சொல்லி நிறுத்தும் வேளையில், மற்றப் பாதி சொல்ல ஒருவரை இறைவன் உங்களுக்குத் தந்தருள்க.