பூஜைக்கு வைத்த கடிகாரம்

ராஜமணியைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். ஆள் அப்படி. பொன்முடியில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்தில் பிறந்தவன், ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு எங்கள் மலை நிலையத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தான். அவன் பொறுப்பில் இருப்பது ஒரே ஒரு அணுக்கடிகாரம். அதற்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பான் போல, அப்படி ஒரு கவனிப்பு. அவன் அம்மா மாடம்மாள் கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டை எஸ்டேட் திரும்ப வாங்கிக்கொண்டது. அதிலிருந்து நிலையத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸ்தான் இருவருக்கும் வீடு. வேலை போனால் வீடும் போய்விடும்.

நான் திருவனந்தபுரத்தில் இன்னொரு அணுக்கடிகாரத்துக்குக் காவல் இருப்பவள். இந்த இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. இரண்டு இடத்து ஆன்டெனாவும் ஒரே சமயத்தில் ஒரே செயற்கைக்கோளைப் பார்க்கும். சிக்னல் வந்த நேரத்தை அங்கே அவன் கடிகாரம் குறிக்கும், இங்கே என்னுடையது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் செயற்கைக்கோளின் பிழை கழன்றுபோய், எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் மிஞ்சும். அதை நானோ செகண்டில் சொல்வோம். ஒரு நொடியை நூறு கோடியாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு. மலைக் கடிகாரத்தை நம்பலாமா என்று மேலிடம் வைத்திருக்கும் சோதனை முடியும்வரை இந்த வித்தியாசம் குதிக்காமல் இருந்தால் மலை நிலையம் பிழைக்கும். இல்லையென்றால் இழுத்து மூடிவிடுவார்கள்.

ஆயுத பூஜை அன்று விடுமுறைதான். சோதனை நடக்கிறதே என்று வீட்டுப் பூஜையை முடித்துவிட்டு மத்தியானம் ஆபீசுக்கு வந்து திரையைப் பார்த்தேன். வித்தியாசத்தைக் காட்டும் கோடு நூறு நானோ செகண்டு எகிறியிருந்தது. போதாததற்குப் புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடந்தன. ராஜமணிக்குப் போன் போட்டேன்.

“ராஜமணி, அங்க என்ன பண்ணினே?”

“ஒண்ணும் இல்ல ஷீனா மேடம். பூஜ வெச்சேன். கடிகாரத்துக்குச் சந்தனப் பொட்டு. ஆன்டெனாவுக்கு ரெண்டு பக்கமும் வாழ கெட்டினேன். நல்ல பெரிய எல.”

லாரிக்கு வாழை கட்டுவார்கள், ஆட்டோவுக்குக் கட்டுவார்கள், வானத்தைப் பார்க்கிற ஆன்டெனாவுக்குமா கட்டுவார்கள்? அவ்வளவு தூரத்திலிருந்து வரும் நோஞ்சான் சிக்னல், பனியில் நனைந்த இலையைத் தாண்டி எப்படி ஒழுங்காக வரும்?

“அத வெட்டு. இப்பவே வெட்டு!”

“வாழய வெட்டலாம் மேடம். அது ஆயுதம் இல்லல்லோ” என்று பெரிய மனது பண்ணி வெட்டினான்.

புள்ளிகள் அடங்கின. ஆனால் கோடு இறங்கவில்லை, நூறிலேயே நின்றது. எங்கள் அதிகாரி தாணு சார் பின்னால் வந்து நின்றார். நாகர்கோவில்காரர், பக்திமான். அன்றைக்கு விபூதி கொஞ்சம் கூடுதல்.

“பொட்டு வெக்கேன்னு எதையோ அமுக்கிக் கெடுத்துட்டான், கேட்டியா” என்று என் கையிலிருந்து போனை வாங்கினார். “லே ராஜமணி, கடிகாரத்த ஆஃப் பண்ணு. சாவிய எடுத்துட்டு நாளைக்குக் கீழ வா. இனி உனக்கு அங்க ஜோலி இல்ல.”

“அம்மை இங்க இருக்கே சாரே” என்றது அந்தப் பக்கத்துக் குரல். அதற்குள் சார் போனை வைத்துவிட்டார்.

அணுக்கடிகாரம் ஒருமுறை நின்றால் இத்தனை நாள் ஓடிய தொடர்ச்சியெல்லாம் போச்சு. அதைவிட, வீடு போனால் மாடம்மாள் எங்கே போவாள்? மனசு கேட்கவில்லை. மலையை விட்டுவிட்டு, எங்கள் கடிகாரத்தை மட்டும் தனியாகச் செயற்கைக்கோள்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வாழை சமாசாரம் தெரிந்த பிறகு இந்தப் பக்கம் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

குதித்தது மலை இல்லை. நாங்கள்!

மொட்டைமாடிக்கு ஓடினேன். தாணு சாரும் பின்னாலேயே ஏறி வந்தார். எங்கள் ஆன்டெனா குளித்துச் சந்தனம் பூசி ஜோராக நின்றது. அதிலிருந்து இறங்கிய கேபிள் புத்தம் புதுசு. மிச்ச நீளம் சுவரோரம் சுருண்டு கிடந்தது. கேபிளுக்குள் ஓடிவரவும் சிக்னலுக்கு நேரம் பிடிக்கும். இருபது மீட்டர் கூடினால் நூறு நானோ செகண்டு. கணக்கில் நாங்கள் கொடுத்திருந்தது பழைய கேபிளின் நீளம்.

“சார், கேபிள மாத்தினது யாரு?”

“நான்தான். பழசு துருப்பிடிச்சுக் கெடந்து. பூஜைக்குப் புதுசா இருக்கட்டும்னு காலைல மாத்தினேன். அதுக்கென்ன...” சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் கண் சுருண்டு கிடந்த கேபிளில் போய் நின்றது.

மறுபடி போன் போட்டேன். மாடம்மாள் எடுத்தாள். “சாமானெல்லாம் மூட்ட கெட்டுதான் மக்களே” என்று மகனிடம் கொடுத்தாள்.

“கடிகாரத்த ஆஃப் பண்ணிட்டியா?”

“இல்ல மேடம், சார் கோவிக்கண்டாம்னு சொல்லணும். பூஜைக்கு வெச்ச ஆயுதத்த விஜயதசமிக்கு எடுக்காம தொடப்பிடாதே. வேலதான் போச்சு, பூஜையும் மொடங்கணுமா? நாளைக்குக் காலைல பூஜ எடுத்துட்டு ஆஃப் பண்ணலாம்னு விட்டிருக்கேன். இப்ப ஓடிட்டுத்தான் இருக்கு.”

நான் போனை தாணு சாரிடம் நீட்டினேன்.

“லே ராஜமணி” என்று ஆரம்பித்தார்.

“கெட்டின சாமான அவுத்து வை மக்கா.”