சும்மா வாயசைச்சாப் போதும்

மனமகிழ் மன்றத்து அன்புமணி வந்து சொல்லிவிட்டுப் போனதும் விஜயகுமாரி நேராகப் பின்பக்கம் போய் வாய் கொப்பளித்தாள். அவன் கொண்டுவந்த மைசூர்பாகை ஒரு கடி கடித்திருந்தாள். ஆனால் வாயை விட்டுப் போகாமல் நின்றது டால்டா நாற்றம் இல்லை, அவன் சொன்ன பேச்சு.

"நீங்க ஒண்ணும் பாட வேணாம் மேடம். சும்மா மேடையில நின்னுகினு வாயசைச்சாப் போதும். பாட்டை நாங்க போட்டுக்கறோம்."

எந்தப் பாட்டை? அவள் பாட்டைத்தான். இருபத்திரண்டு வயதில் அவள் பாடிய அம்மன் கேசட்டை எவனோ கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலை எடுத்துவிட்டுப் பளபளவென்று ஆக்கி வைத்திருக்கிறானாம். காணும் பொங்கலுக்கு மனமகிழ் மன்றம் நடத்துகிற விழாவில் அது ஸ்பீக்கரில் ஓடும். ஐம்பத்தாறு வயது விஜயகுமாரி அதற்கு முன்னால் நின்று, தொட்டி மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூட வேண்டும். ஊர் கைதட்டும். கருமம், இதைக் கேட்டால் யாருக்குத்தான் குமட்டாது?

ஜெயராகம் இன்னிசைக் குழு என்றால் அந்தக் காலத்தில் தெரியாத ஆள் கிடையாது. நிலக்கரி மைன்ஸில் எலக்ட்ரிக்கல் செக்‌ஷன் ஜெயகணேஷ் கீபோர்டு, கன்வேயரில் வேலை பார்த்த பெரியண்ணன் டோலக், ஸ்டோர்ஸ் கிளார்க் விஜயகுமாரி பாட்டு. சினிமாப் பாட்டும் பாடினார்கள். ஆனால் அவர்களைத் தூக்கி நிறுத்தியது ஜெயகணேஷ் சொந்தமாக மெட்டுப் போட்ட அம்மன் பாட்டுகள்தான். "செம்மண்ணுத் தேரேறி வாடி தாயீ" என்று விஜயகுமாரி ஒரு தூக்குத் தூக்கினால் பண்ருட்டியில் பலாப்பழ லாரி ஏற்றுகிறவன்கூட ஒரு நிமிஷம் நின்று கேட்பான். ஆடி பிறந்தால் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து கம்மாபுரம் வரைக்கும் ஒரு கோயில் பாக்கி இருக்காது. கச்சேரி பார்ப்பதற்காக ஷிஃப்ட் மாற்றிக்கொண்டவர்கள் உண்டு, ஃபோர்மேனிடம் திட்டு வாங்கியவர்களும் உண்டு.

அப்புறம் டிஜே வந்தது. ஒரு பெட்டி, இரண்டு விளக்கு, ஒரு பையன், வேலை முடிந்தது. இனிமேல் வராதீர்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஜெயராகம் கலைந்துவிட்டது என்று ஊர் தானாகவே முடிவு கட்டிக்கொண்டது. கலைத்தவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை, ஏனென்றால் அவர்கள் கலையவே இல்லை.

மூவருக்கும் ஒரே நாளில் ஆஃப் வருகிறபோதெல்லாம் விஜயகுமாரியின் குவார்ட்டர்ஸ் முன்னறையில் கூடிவிடுவார்கள். பெரியண்ணன் ரிட்டயர் ஆன பிறகும் அது நிற்கவில்லை. இதில் ஒரு சிக்கல் இருந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ், மேல் குவார்ட்டர்ஸ், எதிர்க் குவார்ட்டர்ஸ் எல்லாவற்றிலும் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து எவராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். பகலில் தூங்குகிறவனை எழுப்புவது டவுன்ஷிப்பில் மன்னிக்க முடியாத குற்றம். கொழந்தைகளே முனகித்தான் சண்டை போடும். அதனால் பெரியண்ணன் டோலக்கின் மேல் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு விரல் நுனியால் வாசித்தார். கீபோர்டின் சத்தம் கடைசிப் புள்ளிக்கு இறங்கியது. விஜயகுமாரி கிட்டத்தட்டப் பேசுகிற குரலில் பாடினாள்.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. போகப் போக அந்த அடக்கமே அவர்களுடைய பாட்டாகிவிட்டது. ஜெனரேட்டர் சத்தத்தை மீறிக் கத்திய காலத்தில் அவள் குரலில் இல்லாத ஒன்று இப்போது வந்து உட்கார்ந்திருந்தது. வயசானதில் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது, இறங்கிய இடத்தில் நன்றாக வேர் பிடித்திருந்தது. ஜெயகணேஷ் இதற்கென்றே புதிதாக மெட்டுப் போட்டார். அதில் ஒன்று தாலாட்டு. கொழந்தைக்கு இல்லை, நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பட்டப்பகலில் படுத்திருக்கிற ஆளுக்கு.

பகலே, செருப்பை வாசல்ல கழட்டிட்டு வா
உள்ளே ஒருத்தர் தூங்கறாரு
குக்கரே, உன் கோவத்தை அப்புறம் காட்டு
உள்ளே ஒருத்தர் தூங்கறாரு

முதல் தடவை பாடி முடித்தபோது பெரியண்ணன் டோலக்கிலிருந்து கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். "இத்தினி வருசத்துல நாம போட்டதுலயே இதாம்மா பாட்டு" என்றார். அவர் லேசில் எதையும் நல்லா இருக்கிறது என்று சொல்கிற ஆள் இல்லை.

ஆனால் யார் கேட்டார்கள்? போனில் எடுத்து நெட்டில் போட்டுப் பார்த்தார்கள். சொந்தக்காரர்கள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். முன்பின் தெரியாத ஒருத்தர் மட்டும் நாலு வார்த்தை எழுதியிருந்தார்: பழைய அம்மன் பாட்டு போடுங்க. விஜயகுமாரி போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒரே ஒரு தடவை, இந்த ஊர் ஜனங்கள் எதிரில், இந்தப் பாட்டைப் பாடிவிட வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு ஆசை எதுவும் இல்லை.

அது ஜெயகணேஷுக்கும் தெரியும். தெரிந்துதான் அன்புமணிக்குச் சரி என்று தலையாட்டியிருந்தார்.

"அண்ணே, உங்களுக்குச் சோறு எறங்குதா?" என்று போனிலேயே பிடித்துக்கொண்டாள். "என் குரலுக்கு நானே வாயசைக்கணுமா? இதுக்கு என் போட்டோவை வச்சு ஊதுவத்தி கொளுத்தச் சொல்லுங்க."

"கோவப்படாதே விஜயா, முழுசாக் கேளு. நாலு பழைய பாட்டுக்கு வாயசைக்கிறோம். அஞ்சாவது நம்ம தாலாட்டு. நிஜமாவே பாடறோம், நிஜமாவே வாசிக்கிறோம். அன்புமணிகிட்ட வாக்கு வாங்கிட்டேன்."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கப் போனாள்.

"பகல்ல தூங்கறவனுக்குப் போட்ட பாட்டைப் பகல்ல தூங்கறவன் ஒருதடவையாவது கேக்க வேணாமா?" என்றார் ஜெயகணேஷ்.

பாவி மனுஷன், சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். அவள் ஒத்துக்கொண்டாள்.

காணும் பொங்கல் சாயங்காலம் மேடைக்குப் பின்னால் போய் நின்றார்கள். அன்புமணி மூன்று பேருக்கும் வெள்ளி ஜிகினா ஒட்டிய கோட்டு வைத்திருந்தான், கூடவே ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி.

"எதுக்குப்பா இந்த வேஷம்?"

"ரெட்ரோ மேடம். ஜனங்க ரசிப்பாங்க."

அவர்கள் காலத்தில் இந்தக் கண்றாவியை யாருமே போட்டதில்லை. விஜயகுமாரி சிவப்புக் கரை வைத்த வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பாடினவள். இப்போது பட்டுப் புடவைக்கு மேல் ஜிகினாக் கோட்டு. பின்னால் பேனரில் இருபத்திரண்டு வயது விஜயகுமாரி சிரித்துக்கொண்டிருந்தாள். மூஞ்சியைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பாக்கி, உதட்டுக்குச் சாயம் பூசி, மூக்குத்தியைக் காணாமல் அடித்திருந்தார்கள். கையில் கொடுத்த கார்ட்லெஸ் மைக் லேசாக இருந்தது. திருகிப் பார்த்தாள், உள்ளே பேட்டரிகூட இல்லை.

பெரியண்ணன் டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு கறுவினார். "நான் கை வச்சா பாட்டு கெட்டுப்பூடுமாம். தடவிக்கினு இருக்கணுமாம். நாய்க்குட்டியா இது?"

பாட்டு ஆரம்பித்தது. ஸ்பீக்கரிலிருந்து பேனரில் சிரித்த அந்தப் பெண்ணின் குரல் காதை அறைந்தது. எல்லாரும் சொல்கிற மாதிரி அது ஒன்றும் தேவலோகக் குரல் இல்லை, விஜயகுமாரிக்குத் தெரியும். பயந்து பயந்து கத்துகிற குரல். "வாடி" என்பதற்கும் "தாயீ" என்பதற்கும் நடுவில், இருக்கக் கூடாத இடத்தில், மூச்சு வாங்குகிற குரல். அந்தத் தப்பை அவள் கேசட் வந்த மறுவருஷமே திருத்திவிட்டாள். ஆனால் வாய் ஒத்துப்போக வேண்டுமே! முப்பத்து நாலு வருஷம் கழித்து, நல்லாப் பாடத் தெரிந்த ஒரு பொம்பளை மேடையில் நின்று அதே தப்பான இடத்தில் மூச்சு வாங்கி நடித்தாள். சீ என்று இருந்தது. தன் எச்சிலைத் தானே தட்டில் வைத்துச் சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

கீழே ஜனங்கள் சொக்கிப்போய்க் கிடந்தார்கள். ஒருவர் விடாமல் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். இரண்டாவது பாட்டையும் அப்படியே ஒப்பேற்றினாள்.

மூன்றாவது பாட்டில் பாதியில் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. வாயை மூடிக்கொண்டாள். இப்போது யாராவது கத்துவார்கள், மானம் போகப்போகிறது என்று ஒரு கணம் பக்கென்று இருந்தது. யாரும் கத்தவில்லை. பாட்டு போய்க்கொண்டே இருந்தது, விசில் பறந்துகொண்டே இருந்தது. அவள் மூடிய வாயோடு சும்மா நின்றாள். முன்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாலாவது பாட்டில் அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். மேல் ஸ்தாயியில் குரல் உச்சத்துக்குப் போகிற இடத்தில், நிதானமாக, மடக் மடக்கென்று குடித்தாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" என்று ஒரே கூச்சல். அன்புமணி இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டு அதே பாட்டைத் திரும்பப் போட்டான். இவர்கள் முன்னாலா பாட ஆசைப்பட்டோம் என்று அவளுக்கு அருவருப்பாக வந்தது. கண் இருக்கிறது, காது இருக்கிறது, இருந்து என்ன புண்ணியம்?

பாட்டு முடிந்ததும் அன்புமணி ஓடி வந்தான். "பின்னிட்டீங்க மேடம்! இத்தோட முடிச்சிக்கலாம். டிஜே தம்பி ரொம்ப நேரமா காத்துக்கினு இருக்காப்புல. உங்க புதுப் பாட்டை இன்னொரு நாளு பாத்துக்கலாம்."

ஜெயகணேஷ் கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். விஜயகுமாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"தம்பி, நான் கொடுத்த வாக்கை அசிங்கம் பார்க்காம நெறவேத்திட்டேன். இப்போ உன் முறை. நல்ல மைக்கைக் கொண்டா. இல்லன்னா இந்த மைக்கைத் திருகி, உள்ளே பேட்டரி இல்லன்னு இவங்க எல்லாருக்கும் காட்டிட்டுத்தான் எறங்குவேன்."

அவன் முகம் செத்துப்போயிற்று. ஒரே நிமிஷத்தில் வயர் வைத்த மைக் வந்தது.

பெரியண்ணன் தோளில் இருந்த துண்டை எடுத்து டோலக்கின் மேல் மடித்துப் போட்டார். ஜெயகணேஷ் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்தார். விஜயகுமாரி கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். பகலே, செருப்பை வாசல்ல கழட்டிட்டு வா.

"சவுண்டு வரல!" என்றது ஒரு குரல். "மைக்கு ரிப்பேருப்பா!" என்றது இன்னொன்று. "பழையபடி பாட்டைப் போடுங்கப்பா!" சவுண்டு சர்வீஸ்காரன் பதறிப்போய் எதையோ திருப்ப, ஸ்பீக்கர் கீச்சென்று கத்தி அடங்கியது. கூட்டத்தில் பாதி எழுந்து சாப்பாட்டுப் பந்தல் பக்கம் நகர்ந்தது. அவள் குரலை ஏற்றவில்லை. ஏற்றினால் உள்ளே தூங்குகிறவர் எழுந்துவிடுவார், அப்புறம் பாட்டு எதற்கு? குக்கரிடம் கெஞ்சினாள், காலிங் பெல்லிடம் கெஞ்சினாள். மூச்சு சரியான இடத்தில் வந்து சரியான இடத்தில் போனது. முன்னறையில் ஒருநாளும் இவ்வளவு நன்றாக அமைந்ததில்லை. அது மூன்று பேருக்கும் தெரிந்தது. கடைசி வரியை ஒரு எழுத்து விடாமல் பாடி முடித்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைதட்டல் கேட்டது. உடனே டிஜே பெட்டி திடும் திடும் என்று ஆரம்பித்தது.

படி இறங்கும்போது புஷ்பவல்லி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முன்பு பக்கத்து பிளாக்கில் இருந்தவள், இப்போது கம்மாபுரத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டவள்.

"யக்கா! அந்தக் காலத்துல கேட்ட கொரலு அப்படியே இருக்குதுக்கா! நாலு பாட்டுக்கும் அழுதுகினே இருந்தேன். கடைசிப் பாட்டுலதான் தொண்டை கட்டிக்கிச்சு போல. பரவால்ல வுடுங்க, வயசாவுதுல்ல."

"புஷ்பா, அந்த நாலும் நான் பாடல. கேசட்டு ஓடுச்சு. கடைசி ஒண்ணுதான் பாடினேன்."

"போங்கக்கா, வெளையாடாதீங்க! இந்தக் கண்ணால பாத்துக்கினு இருந்தேனே. வீடியோவே எடுத்து வச்சிருக்கேன், பாருங்க."

போனை நீட்டினாள். ஜிகினாக் கோட்டு போட்ட ஒரு பொம்பளை தலையை அண்ணாந்து பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தாள். குரல் உச்சத்தில் நின்று அதிர்ந்துகொண்டிருந்தது.

"நல்லாப் பாரு புஷ்பா. நான் என்ன பண்ணிட்டிருக்கேன்?"

புஷ்பவல்லி போனைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். அவள் கண் விரிந்தது. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"யம்மாடி! தண்ணி குடிச்சிகினே எப்படிக்கா பாடறீங்க?"